பதினைந்து அங்குலம் போதும்

உங்கள் கார் டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். என்றைக்காவது படித்துப் பார்த்ததுண்டா? என் மைவியில் அது 185/55 ஆர்15 82வி. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 82 என்பது எடை தாங்கும் எண். பட்டியலைப் பார்த்தால் ஒரு டயருக்கு 475 கிலோ என்று வரும். கடைசி எழுத்து வேக வரம்பு.

நான் ஒரு கணக்காளர். எண்களைக் கண்டால் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் விடமாட்டேன். ஆனாலும் இந்த வரியை நான் பொருட்படுத்தத் தொடங்கியது ஆட்டோகிராஸுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான்.

பந்தயம் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது நள்ளிரவு நெடுஞ்சாலை. என் அம்மாவுக்கும் அப்படித்தான். ஆட்டோகிராஸ் வேறு. பெரிய கார் நிறுத்துமிடம் ஒன்றில் ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கி வளைந்து வளைந்து போகும் பாதை ஒன்றை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். முன்னால் ஆளில்லை, பின்னால் ஆளில்லை, கடிகாரம்தான் எதிராளி. கூம்பைத் தட்டினால் விநாடிகள் கூடும். ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடம். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஓடி முடிந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். தலைக்கவசம் கட்டாயம். இதற்கு நெருங்கிய உறவு ஜப்பானியர்கள் வளர்த்த ஜிம்கானா. அதில் கூம்பைச் சுற்றிக் காரையே பம்பரமாக்க வேண்டும், கைப்பிரேக்குக்கு நிறைய வேலை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மோட்டார் பந்தயம் நமக்கு அந்நியமும் அல்ல. 2002-இல் கரம்ஜிட் சிங் புரோட்டான் காரில் உலக ரேலி போட்டியின் புரொடக்‌ஷன் பிரிவில் வெற்றியாளரானார். நம் ஊர்க் கார், நம் ஊர் ஆள். என் அப்பா இன்றும் அதை யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். மகள் கார் ஓட்டப் போகிறாள் என்றபோது மட்டும் கொஞ்ச நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் கார் இரண்டாம் தலைமுறை மைவி, 1.5, கையால் கியர் மாற்றுவது. பழைய டயர்கள் தேய்ந்துபோயின. புதிய டயர் வாங்கியே ஆக வேண்டும், வாங்குவதுதான் வாங்குகிறோம், ரிம்மையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று தோன்றியது. அங்கேதான் வீட்டில் பேச்சு தொடங்கியது.

என் தம்பிக்குச் சந்தேகமே இல்லை. "17 போடுக்கா. 15-ல காடி பாட்டி மாதிரி நிக்குது." டயர் கடைத் தவுக்கேயும் அதே கட்சி. சுவரில் தொங்கிய கறுப்பு ரிம்மைக் காட்டி, "அடேக், இது போட்டா சந்தேக்" என்றார். சந்தேகம் இல்லை, சந்தேக்தான்; பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கு ரிம், நான்கு டயர், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 2,800 ரிங்கிட். அம்மா அந்தத் தொகையைக் கேட்டதும் அதைப் பவுன் கணக்குக்கு மாற்றிவிட்டார். எங்கள் வீட்டில் அம்மாவும் ஒரு கணக்காளர்தான்.

இந்தக் காருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் தம்பி மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு அவரோடு வாடகைக் காரில் போவான். சனிக்கிழமை என் முறை. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போதுதான் அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், காலில் தசைப்பிடிப்பு வரும், தலை சுற்றும். எங்கள் பிளாட்டுக்கு வரும் சாலையில் கனரக லோரிகள் போய்ப் போய்க் குழிகள். அதைத் தாண்டினால் வரிசையாக வேகத்தடைகள். ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவர் கதவுப் பிடியை இறுக்கிப் பிடிப்பதை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். அடுத்த நாள் ஞாயிறு, அதே காரில் கூம்புகளைச் சுற்றப் போவேன்.

இதற்குப் பெரும்பாலோர் சொல்லும் வழி இரண்டு செட் வைத்துக்கொள்வது. வீட்டு உபயோகத்துக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று. தரைவீடு உள்ளவர்களுக்கு அது சரி. நாங்கள் இருப்பது நான்காவது மாடி. மின்தூக்கி பாதி நாள் ஓடாது. டயரோடு ஒரு சக்கரம் 14 கிலோ என்றாலும் நான்கு சக்கரம் 56 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு ஏற நான் தயார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், போட்டிக்குக் கொண்டுபோகும்போது பின்னிருக்கையை மடித்தால்தான் நான்கும் உள்ளே போகும். அப்புறம் வீட்டு ஆட்கள் எங்கே உட்காருவது? ஆக, ஒரே செட். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அதே நான்கு சக்கரம்தான்.

அப்பாவிடம் சொன்னபோது, "எனக்காகப் பாக்காத. நான் எத்தனை நாள் இந்தக் காடில வரப்போறேன்? நீ ஒனக்கு வேணுங்கறதப் போடு" என்றார். இப்படிப் பேசினால் எனக்குக் கோபம் வரும் என்பது அவருக்கும் தெரியும். "வாரம் ஒரு நாள், வருசத்துக்கு 52 நாள் வர்றீங்கப்பா. நான் ரேசுக்குப் போறது வருசத்துக்கு எட்டு நாள்" என்றேன். கணக்கு என்று வந்துவிட்டால் அவர் வாதாடமாட்டார்.

சரி, எண்களுக்கு வருவோம். பழைய டயரின் பக்கச் சுவர் 101.75 மி.மீ. மேலும் கீழும் இரண்டு சுவர், நடுவில் 15 அங்குல ரிம் 381 மி.மீ. மொத்த விட்டம் 584.5 மி.மீ. தவுக்கே காட்டியது 205/40 ஆர்17. அதன் பக்கச் சுவர் வெறும் 82 மி.மீ.; மொத்த விட்டம் 595.8. அதாவது குழியில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பர் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது. சக்கரமோ இரண்டு விழுக்காடு பெரிதாகிறது. பெரிய சக்கரம் என்றால் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகும், நல்லதுதானே என்று தோன்றலாம். நெடுஞ்சாலையில் நல்லது. கூம்புகளுக்கு நடுவே 30-இல் வளைந்து 60-க்கு எகிற வேண்டிய இடத்தில், அது கியரை நீட்டிவிட்டதற்குச் சமம். எஞ்சின் இழுக்கும் பலம் அந்த அளவு குறையும். 1.5 எஞ்சினில் விட்டுக்கொடுக்க அவ்வளவு பலம் இல்லை.

நான் பார்த்து வைத்திருந்தது 195/50 ஆர்15. அதன் விட்டம் 576 மி.மீ. பழையதைவிட ஒன்றரை விழுக்காடு சிறியது. இரண்டாவது கியரில் இழுவை அந்த அளவுக்குக் கூடும். வேகமானி கொஞ்சம் அதிகமாகக் காட்டும்; அதில் எனக்குக் குறையில்லை, சம்மன் வருவது குறையும். பக்கச் சுவர் 97.5 மி.மீ.; பழையதைவிட நான்கு மி.மீ.தான் குறைவு. எடை எண்ணும் அதே 82. ஐந்து பேர் ஏறி, பின்னால் அரிசி மூட்டை போட்டாலும் காருக்குப் பாரமில்லை. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. அழகுக்காக மெல்லிய டயர் போடுகிறவர்கள் இந்த எண் பழையதைவிடக் குறையாமல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். இன்னொரு வசதி, இந்த அளவு நம் நாட்டில் ஏறக்குறைய எல்லா டயர் கடையிலும் கிடைக்கும். நடுவழியில் ஒன்று கிழிந்தால் காத்துக்கிடக்க வேண்டாம்.

அடுத்தது எடை. கடைக்காரர்கள் ரிம்மின் விலையைச் சொல்வார்கள், நிறத்தைச் சொல்வார்கள், எடையைச் சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு தராசு இருக்கிறது. அப்பாவின் உடலில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வாங்கியது. காலையிலும் இரவிலும் அதில் ஏறி நின்று நோட்டில் எழுதிவைப்பார். அந்தத் தராசை எடுத்துக்கொண்டு போனேன். நான் மட்டும் ஏறி ஒரு முறை, ரிம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு முறை. தவுக்கே சிரித்தார், ஆனால் எட்டிப் பார்த்தார். அந்த 17 அங்குல ரிம் 9.4 கிலோ. நான் பழைய சாமான் கடையில் பார்த்த 15 அங்குல, ஆறரை அங்குல அகல ரிம் 5.8 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 3.6 கிலோ வித்தியாசம், நான்குக்கும் 14.4.

காரில் 14 கிலோ என்ன பெரிது, ஒரு பையில் அரிசி என்பீர்கள். அரிசி பையில் சும்மா இருக்கும். சக்கரம் சுழல வேண்டும். முன்னோக்கி நகர்த்தவும் பலம் வேண்டும், சுழற்றவும் பலம் வேண்டும். விளிம்பில் இருக்கும் எடை, வேகம் எடுக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கனக்கும். பிரேக் போடும்போதும் அப்படியே. ஆட்டோகிராஸில் ஒரு நிமிடம் முழுக்க வேகம் எடுப்பதும் பிரேக் போடுவதும்தான் வேலை. இன்னொன்று: சக்கரத்தின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது. அது குறைந்தால் குழியில் சக்கரம் சட்டென்று இறங்கி ஏறும், குலுக்கல் உள்ளே வருவது குறையும். ஞாயிற்றுக்கிழமைக்குத் தேடிய பதில் சனிக்கிழமைக்கும் பொருந்திவருகிறதே என்று அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி.

ரிம்மின் அகலத்தைப் பற்றிச் சுருக்கமாக. 195/50 டயருக்கு ஐந்தரையிலிருந்து ஏழு அங்குலம் வரை அகலமுள்ள ரிம் பொருந்தும். குறுகிய ரிம்மில் மாட்டினால் பக்கச் சுவர் உப்பி, வளைவில் டயர் சாய்ந்து நெளியும். கொஞ்சம் அகன்ற ரிம்மில் சுவர் நிமிர்ந்து நிற்கும், ஸ்டீயரிங் திருப்பியதும் கார் கேட்கும். ஆறரை சரியான நடு. ஆஃப்செட் என்று ஒரு எண் இருக்கிறது. ரிம் உள்ளே தள்ளி நிற்குமா, வெளியே நீட்டுமா என்பதை அது சொல்லும். அதே ஆஃப்செட்டில் அரை அங்குலம் அகலம் கூடினால் உள்ளேயும் வெளியேயும் ஆறு மி.மீ. வீதம் கூடும். உள்ளே போனால் ஷாக் அப்சார்பரில் உரசும். வெளியே மட்கார்டைத் தாண்டினால் சாலைப் போக்குவரத்து இலாகா பிடிக்கும். மைவிக்கு நான்கு ஆணி, 100 மி.மீ. வட்டம். நடுத்துளை காருக்கு 54.1 மி.மீ., கடையில் விற்கும் ரிம்களில் அது பெரிதாக இருக்கும். இடைவெளிக்கு வளையம் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும்.

ரிம் நான்கும் பழையது, 900 ரிங்கிட். வெடிப்போ வளைவோ உண்டா என்று பார்க்க அப்பாவை அழைத்துப்போனேன். அவர் 32 ஆண்டு லோரி ஓட்டியவர். கேரித் தீவில் செம்பனை, அப்புறம் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன். ரிம்மைத் தரையில் நிறுத்தி உருட்டிவிட்டு, அது போகும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையில் ஒரு ஸ்பானரைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றையும் தட்டினார். மூன்று கணீரென்றன. நான்காவது கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. "இத மாத்திக் குடு" என்றார். கடைக்காரர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் உள்விளிம்பில் தலைமுடி அளவு கீறல். மறுபேச்சில்லாமல் வேறொன்று எடுத்துவந்தார். அந்த ஆள் அன்றைக்கு அப்பாவுக்கு நாற்காலி போட்டு, தேத்தண்ணியும் வரவழைத்தார். அப்பா அதை வாங்கிப் பாதிதான் குடித்தார். அவருக்குத் தண்ணீர்கூட அளவுதான்.

டயர் ரப்பர்தான் எல்லாவற்றிலும் பெரிய குழப்பம். பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். எண் சிறிதானால் ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துப் போடும் எண் என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏமாறலாம். சாதாரண வீட்டு டயர் 300, 400 என்று இருக்கும். அமெரிக்காவில் ஆட்டோகிராஸின் சாலைக் கார் பிரிவுக்கு 200-க்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே 100 எண்ணில், பாதிப் பந்தய டயர்களும் நம் ஊரில் கிடைக்கின்றன. என்னோடு ஓட்டும் சிலர் அதைத்தான் போடுகிறார்கள், கல்லில் ஒட்டிய பல்லி மாதிரி கார் வளைவில் நிற்கிறது.

எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த டயர்களில் பள்ளக் கோடுகள் குறைவு. தேய்ந்த பிறகு மழைநீரை வெளியே தள்ள இடமே இருக்காது. சனிக்கிழமை விடியற்காலை கொட்டுகிற மழையில், நெடுஞ்சாலையில் தேங்கிய தண்ணீர் மேல் டயர் மிதந்தால் ஸ்டீயரிங் வெறும் அலங்காரம். பக்கத்து இருக்கையில் அப்பா. நான் 240 எண் கொண்ட டயரை எடுத்தேன், நடுவில் நான்கு ஆழமான கோடுகள். ஒன்று 310 வீதம் நான்கு, 1,240 ரிங்கிட். ரிம்மோடு சேர்த்து 2,140. தவுக்கேயின் கணக்கைவிட 660 குறைவு. வாங்கும்போது டயரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மலிவாகத் தருகிறோம் என்று மூன்று வருடம் கிடங்கில் கிடந்ததைத் தள்ளிவிடுவார்கள்.

மாட்டிய பிறகு காற்று. பெட்ரோல் நிலையத்தில் கிலோபாஸ்கல் கணக்கு. வீட்டுக்கு 220 வைக்கிறேன். போட்டி நாளில் முன்னால் 250, பின்னால் 260 என்று தொடங்குவேன். முன்சக்கர இழுவைக் காரில் முன்பக்கம் கனம், வளைவில் மூக்கு வெளியே ஓடும். பின்னால் காற்றைக் கூட்டினால் பின்பக்கம் கொஞ்சம் இளகி, கார் திரும்ப உதவும். சரியான அளவைக் கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். டயரின் ஓரத்தில் கோடு போட்டுவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கோடு பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்றுப் போதவில்லை, டயர் மடங்குகிறது. கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம். நம் ஊர் வெயிலில் தார் கொதிக்கும், இரண்டு சுற்றிலேயே அழுத்தம் ஏறிவிடும். அவ்வப்போது அளந்து இறக்க வேண்டும். போட்டி முடிந்ததும் மறக்காமல் 220-க்குக் கொண்டுவந்துவிடுவேன்.

ஒரு பயிற்சி நாளில் எங்கள் குழுவில் இன்னொரு மைவிக்காரர் வந்திருந்தார், அதே எஞ்சின், 205/40 ஆர்17. மதிய இடைவேளையில் இருவரும் சக்கரங்களை மாற்றிக்கொண்டோம். ஆணி வட்டம் ஒன்றுதானே. அதே பாதையில் என் 15-இல் 57.8 விநாடி, அவருடைய 17-இல் 58.9. அவர் டயர் ரப்பர் வேறு, வெயிலும் ஏறியிருந்தது. அதனால் முழு வித்தியாசத்தையும் அங்குலத்தின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வளைவிலிருந்து வெளியேறும்போதும் கார் மூச்சிரைப்பது எனக்குக் கேட்டது. திருப்பிக் கொடுக்கும்போது அவர், "போட்டோவுக்கு மட்டும் என்னுடையதைக் கடன் வாங்கிக்கோ" என்றார். நியாயம்தான். நீளமான வேகத் தடத்தில், பெரிய பிரேக் வைத்த கனமான காரில் 17-க்குக் காரணம் இருக்கிறது. பெரிய பிரேக்கின் மேல் 15 ஏறவே ஏறாது. என் காருக்கு அந்தக் காரணம் எதுவும் இல்லை.

அப்பா இப்போது சனிக்கிழமைகளில் கதவுப் பிடியைப் பிடிப்பதில்லை என்று எழுத ஆசை. பிடிக்கத்தான் செய்கிறார், இரண்டு மூன்று பெரிய குழிகளில் மட்டும். போன மாதம் ஒரு போட்டிக்கும் வந்தார். நிழலில் நாற்காலி போட்டுக் கொடுத்தோம். ஒரு சுற்று முடித்து வந்து நின்றதும் எழுந்து வந்து, முன்சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளேயும், உள்ளேயிருந்து வெளியேயும் தடவினார். "ஒரு பக்கம் வழவழன்னு இருக்கு, திரும்பி வந்தா சொரசொரன்னு குத்துது. எலைன்மென்ட் பாத்தியா?" என்றார். மறுநாள் பார்த்தால் முன்சக்கரங்களின் கோணம் நிஜமாகவே விலகியிருந்தது. பக்கத்தில் நின்ற இளைஞர்கள் இரண்டு பேர் தங்கள் டயரையும் தடவிப் பார்க்கச் சொல்லி அவரை அழைத்துப் போய்விட்டார்கள். நான் என் அடுத்த சுற்றுக்குப் போகும்போது அவர், லோரியின் முன்சக்கரத்தில் செலுப் டயர் ஏன் போடவே கூடாது என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

முன் டயர்களில் கோட்டின் ஆழம் இப்போது மூன்றரை மி.மீ. சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம், மழைக்கு நான் மூன்றிலேயே மாற்றிவிடுவேன். அடுத்த செட்டுக்கு 205/50 ஆர்15 பார்க்கலாம் என்று நினைக்கிறேன். விட்டம் 586, ஏறக்குறைய கார் பிறந்தபோது இருந்த அளவு. இழுவை கொஞ்சம் போகும், அகலம் கூடும், பக்கச் சுவரும் பழையபடி உயரும். அப்பா அதன் எடை எண் 86 என்பதைப் பட்டியலில் பார்த்துவிட்டார், டயருக்கு 530 கிலோ. லோரிக்காரருக்கு அது போதும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் உள்ளே உரசுமா என்பதுதான் பாக்கி. வரும் சனிக்கிழமை திரும்பும் வழியில் டயர் கடையில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார், ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்துவிடலாமாம்.